பலகை பார்த்த திசை

மாலை நாலரை மணி. நவம்பர் கடைசி. அணைநீரை ஒட்டி மலையைச் சுற்றிப் போகும் பழைய சாலை. அந்த நேரத்தில் அதில் வண்டி வராது... இப்போதும் வராது.

அப்படித்தான் ஆரம்பித்தேன். கோரல் கேட்டதால் ஆரம்பித்தேன்.

சமையல் கொட்டகையில் மூன்று பேர் இருந்தோம். விறகடுப்பில் சோள சூப் கொதித்தது. பக்கத்தில், ஊர்ச் சடங்குகள் நடக்கும் நெடுவீட்டில், லவினா சவப்பெட்டிக்குள் இருந்தார். விடியும்வரை ஆட்கள் அவரோடு உட்கார்ந்திருப்பார்கள். நடுச்சாமத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. காலையில், கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் அடக்கம்.

கோரல் லைலின் மனைவி. வேறு ஊரிலிருந்து வந்தவள். உப்புப் பன்றிக்கறியை நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஒரே பையனாமே. இருபது வருஷத்துக்கு மேல ஊருப் பக்கமே வரலையாமே. பெத்த அம்மா பெட்டியில கிடக்குறா, இன்னும் காணோம். என்ன பிள்ளைக்கா அவன்?"

"வந்துட்டிருக்கான்," என்றேன். "வரக் கூடாது. அதான் எனக்குப் பயம்."

"டெல்மரா?" லைல் சிரித்தான். "வர்ற வழியில சூதாட்டக் கூடம் இருக்கு. வண்டி தானா திரும்பியிருக்கும்."

லைல் பருந்துக் குலம். நானும் அதே. லவினா ஆமைக் குலம். செனெகா மக்களான எங்களுக்குக் குலம் தாய்வழி வரும். ஆமைப் பக்கத்துக்குப் பருந்துப் பக்கம் மச்சான் முறை. ஒரு பக்கத்தில் சாவு விழுந்தால் அவர்கள் அழுவார்கள். குளிப்பாட்டுவது, உடுத்துவது, சமைப்பது, குழி தோண்டுவது எல்லாம் மறுபக்கத்து வேலை. தன் பக்கத்து ஆளுக்குத் தானே தோண்டக் கூடாது. அன்று பகல் முழுவதும் லைலும் இன்னும் சிலரும் மேட்டில் உறைந்த நிலத்தைக் கடப்பாரையால் உடைத்திருந்தார்கள். அவன் உள்ளங்கைகள் கொப்புளித்திருந்தன. அடுப்பருகில் விரித்து வைத்திருந்தான்.

"சொல்லுங்கக்கா," என்றான். "வெளிய முட்டியளவு பனி கிடக்கு. கதை சொன்னா பாம்பு வந்து கேக்காது."

பனிக்காலத்தில் மட்டும்தான் எங்களுக்குக் கதை. சொன்னேன்.

அந்தச் சாலையோர நீலப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். இரும்புக் கம்பம். நீலத் தகடு. மஞ்சள் எழுத்து. ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று நான்கில் ஒப்பந்தம் ஆனது. இந்த நிலம் செனெகா மக்களுடையது. அமெரிக்க அரசாங்கம் இதை ஒருநாளும் கேட்காது, அவர்களைத் தொந்தரவு செய்யாது. அப்படி எழுதியிருக்கும். பலகைக்குக் கீழே சரிவில் ஊர் இருந்தது. பிறகு அணை கட்டினார்கள். இப்போது அங்கே தண்ணீர் இருக்கிறது.

லவினாவின் அண்ணன் ஹோபர்ட் அந்தப் பலகையை நம்பினார். துருப் பிடிக்காமலிருக்க ஞாயிறுதோறும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார். அணைக்காக நிலம் அளக்க வந்தவர்களை அதன் முன்னால் நிறுத்தி, சத்தமாக வாசிக்கச் சொல்வார். வாசிப்பார்கள். பிறகு அளப்பார்கள்.

தண்ணீர் வருவதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் அவர் இறந்தார். பலகை தெரிகிற இடத்தில் புதைக்கச் சொல்லியிருந்தார். அதற்கு நேர் கீழே, தன் ஆப்பிள் தோட்டத்தில். ஒப்பந்தத் துணியில் சுற்றிப் புதைத்தார்கள். அந்த ஒப்பந்தத்துக்காக அரசாங்கம் வருடாவருடம் நமக்கு அனுப்புகிற வெள்ளைத் துணி.

"அது இன்னும் வருதே," என்றான் லைல். "எங்க தாத்தாவுக்குச் சட்டை தைக்கிற அளவு வந்துச்சாம். எனக்கு மூக்குச் சிந்துற அளவு வருது. என் பேரனுக்கு நூலு மட்டும் வரும்."

"சும்மா இரு," என்றாள் கோரல்.

பிறகு வீடுகளைக் கொளுத்தினார்கள். கல்லறைகளைத் தோண்டி இந்த மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆப்பிள் தோட்டத்தை யாரும் தோண்டவில்லை. லவினா போய்க் கேட்டார். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே தங்களுக்கு வேலை இல்லை என்றார்கள். தண்ணீர் ஏறியது. மேட்டில் தனக்கென்று வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், அண்ணனுக்கும் ஓர் இடத்தை லவினா விட்டுவைத்தார். அது காலியாகவே கிடந்தது.

அதற்குப் பிறகுதான் பலகை திரும்ப ஆரம்பித்தது.

சாலையைப் பார்க்க வேண்டிய பலகை. ஒரு நாள் காலையில் தண்ணீரைப் பார்த்து நிற்கும். சாலை ஆட்கள் நேராக்கி, மரையை முறுக்கிவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் மறுபடி தண்ணீரைப் பார்த்து... காற்று என்றார்கள். காற்றாக இருக்கலாம். ஆனால் மரை ஒவ்வொரு தடவையும் துருவேறி இறுகியிருக்கும். சுத்தியலால் அடித்துத்தான் அசைக்க முடியும்.

கோரல் கத்தியைக் கீழே வைத்தாள்.

டெல்மரும் என் தம்பி ஆரினும் அந்தச் சாலை வேலையில் இருந்தார்கள். எப்போதும் ஒரே வண்டி. டெல்மர் நல்ல உயரம். இதோ, இந்தக் கொட்டகைக் கதவு நிலையின் மேலே தேய்ந்திருக்கிறதே... அவன் நெற்றி இடித்து இடித்துத் தேய்ந்தது. குனிய மறந்தால் இடிப்பான். முக்கால்வாசி நாள் மறப்பான்.

லவினாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் ஒன்றுதான் சொன்னார். "அண்ணனைக் கொண்டாந்து எம்பக்கத்துல வைங்க. அதுக்கு முன்னாடி நான் போமாட்டேன்."

பனிக்காலத்துக்கு முன்னால் அணையில் தண்ணீரை இறக்குவார்கள். சேற்றிலிருந்து பழைய ஊர்ச் சாலை தெரியும். ஆப்பிள் அடிமரங்கள் தெரியும். அந்த வருடம் தண்ணீர் இறங்கியதும் டெல்மர் ஆரினிடம் கேட்டான்.

"மச்சான், நீங்கதான் மாமாவைத் தோண்டித் தரணும்."

"சனிக்கிழமை ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன்."

"அது வரைக்கும் அம்மா தாங்காது."

"படைக்கப் புகையிலை வேணும்டா. சொல்ல வேண்டியதைச் சொல்ல ஒரு பெரியவர் வேணும். தூங்குறவரைச் சும்மா உலுக்கிற முடியுமா? சனிக்கிழமை."

டெல்மர் தலையாட்டினான்.

நான் சொன்ன அந்த மாலை, சனிக்கிழமைக்கு முன்னால் வந்தது. கரை அரித்துக்கொண்டிருந்தது. பலகையை மேலே, புதிதாகக் கார் நிறுத்த ஒதுக்கிய இடத்துக்கு மாற்றச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரும் கம்பத்தோடு பிடுங்கி வண்டியில் ஏற்றினார்கள். அப்போது வண்டி ரேடியோவில் சேதி வந்தது. லவினாவுக்கு மூச்சு இழுக்கிறது. டெல்மர் வீட்டுக்கு வர வேண்டும்.

"ஏறுடா," என்றான் ஆரின்.

"நீ பலகைய மேல இறக்கிட்டு வா. கம்பக் குழி திறந்து கிடக்கு. மூடிட்டு நிக்கிறேன்."

"குழி கிடக்கட்டும்டா!"

"எவனாச்சும் கால உட்டா நம்மளத்தான் கேப்பான். போ. திரும்பி வர்றப்ப ஏறிக்கிறேன்."

ஆரின் போனான். டெல்மர் அந்தக் குழியை மூடவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினான்.

முறை தெரியாதவன் இல்லை. தெரியும். அம்மாவின் கையில் ஓர் எலும்பையாவது வைத்துவிட வேண்டும்... மற்றதைச் சனிக்கிழமை பெரியவர்கள் வந்து சரிசெய்துகொள்ளட்டும் என்று நினைத்தான்.

சேறு. சளக், சளக் என்று கணுக்கால் வரைக்கும். பலகை நின்ற இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, அதற்கு நேர் கீழே வந்து நின்றான். தோண்டினான். அத்தனை வருடம் தண்ணீருக்கடியில் கிடந்த மண், பாறைபோல் இறுகியிருக்க வேண்டும். இறுகவில்லை. நேற்று மூடியதுபோல் பொலபொலவென்று வந்தது. இடுப்பளவு போனான். மண்வெட்டி முனையில் வெள்ளையாக ஏதோ மாட்டியது. துணி. குனிந்து தொட்டான்.

காய்ந்திருந்தது.

மண்ணெண்ணெய் வாசனை வந்தது. லேசாக. பிறகு லேசாக இல்லை.

யாரோ பேசினார்கள். நம் மொழியில். வயதான குரல், நிதானமான குரல். புது ஆளைக் கண்டால் நாம் எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

"நீ என்ன குலம்?"

டெல்மர் திரும்பவில்லை. ஊர்ப் பெரியவர் யாரோ சாலையிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்திருக்கிறார், திட்டப்போகிறார் என்று நினைத்தான்.

"ஆமை," என்றான்.

 தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"நானும் ஆமைதான்," என்றது குரல். "அப்புறம் நீ ஏன் தோண்டுற?"

குரல் பின்னாலிருந்து வரவில்லை. அது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

கோரல் லைலின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள். சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. எழுந்து கலக்கிவிட்டு வந்தேன்.

ஆரின் திரும்பி வந்தபோது டெல்மர் நடுச்சாலையில் நின்றுகொண்டிருந்தான். முட்டிவரை சேறு. வண்டியில் ஏறினான்.

"மண்வெட்டி எங்கடா?"

"கீழ."

"எடுத்துட்டு வா."

"மாட்டேன்."

நடந்ததை ஒரே ஒரு தடவை சொன்னான்.  ஆரின் வண்டியை நிறுத்தி, சட்டைப்பையிலிருந்த புகையிலையை எல்லாம் ஜன்னல் வழியாக வெளியே கொட்டினான். பிறகு ஓட்டினான்.

வீட்டில் லவினா எழுந்து உட்கார்ந்திருந்தார். பல நாளாகத் தலையணையிலிருந்து தலை தூக்காதவர்.

"மண்ணெண்ணெய் வாசனை வருது," என்றார். "அண்ணன் வந்துட்டானா?"

டெல்மர் கையிலிருந்த சேற்றைச் சட்டையில் துடைத்தான்.

"உள்ள வரச் சொல்லுடா. வாசல்லயே ஏன் நிக்கிறான்?"

யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. லவினா சூப் கேட்டார். குடித்தார். இன்னொரு கிண்ணம் கேட்டார்.

பிழைத்துக்கொண்டார்.

"அப்போ நல்லதுதானேக்கா," என்றாள் கோரல்.

மறுநாள் விடிந்ததும் ஆரின் சேற்றில் இறங்கிப் போனான். திறந்து கிடக்கும் குழியை மூட வேண்டுமே. குழி இல்லை. தோண்டிய அடையாளமே இல்லை. சேறு வழவழவென்று கிடந்தது. மண்வெட்டியும் இல்லை. மனசு கேட்காமல் இந்த மேட்டுக்கு ஏறினான்.

லவினா அண்ணனுக்காக விட்டுவைத்திருந்த இடத்தில் ஒரு குழி இருந்தது. மூலைகள் கச்சிதமாக வெட்டியிருந்தன. பக்கத்தில் குவிந்திருந்தது மேட்டு மண் இல்லை. சாம்பல் நிறச் சேறு. அணைச் சேறு. அதில் டெல்மரின் மண்வெட்டி குத்தி நின்றது.

ஆரின் லவினாவிடம் வந்து சொன்னான். "மாமா தனக்கே தோண்டிக்கிட்டார்போல. கூட்டிட்டு வந்துருவோம்."

லவினா கேட்டார். "எவ்வளவு நீளம்டா?"

ஆரின் அறையில் நடந்து காட்டினான். இங்கேயிருந்து இதுவரை.

"எங்கண்ணன் குள்ளம்," என்றார் லவினா. "என்னைவிட ரெண்டு வெரலு ஒசரம் கூட இருப்பான்."

டெல்மர் சோபாவில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கால் இரண்டும் சோபாவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. லவினா அந்தக் கால்களைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுப்பினார்.

"இன்னிக்கே ஊரை விட்டுக் கிளம்பு. நான் செத்தாலும் வராத."

"என்னம்மா பேசுற?"

"நான் சாக மாட்டேன், விடு. செத்தாதானே நீ வருவ."

அவன் கிளீவ்லாந்துக்குப் போனான். பாலங்களில் இரும்பு வேலை. ஞாயிறுதோறும் அம்மாவுக்கு ஃபோன் செய்வான். அவர் சாகவில்லை. கட்டி அப்படியே இருந்தது. கூடவே அவரும் இருந்தார். டாக்டர்களுக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது. பிடிவாதம். இருமல் வந்தால்கூட, "இன்னும் இல்ல, இன்னும் இல்ல" என்று தனக்கே சொல்லிக்கொள்வார்.

ஒவ்வொரு நவம்பரிலும் தண்ணீரை இறக்கினால் மேட்டில் குழி இருக்கும். ஆரின் போய் மூடுவான். யாரிடமும் சொல்ல மாட்டான். திறந்த குழியைக் காலியாக விடக் கூடாது. அது ஆளைக் கேட்கும். மாமாவைத் தோண்டி எடுக்கவும் பார்த்தான். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, புகையிலையோடு, முறைப்படிதான் போனான். இரண்டு தடவை. தோட்டம் முழுக்கத் தோண்டினார்கள். அங்கே யாரும் இல்லை.

பலகை இப்போது மேலே இருக்கிறது. அங்கே தண்ணீரைப் பார்த்துத் திரும்புவதில்லை.

"அப்பாடா," என்றாள் கோரல்.

இந்த மேட்டைப் பார்த்துத் திரும்புகிறது.

முந்தாநாள் லவினா தூக்கத்தில் போய்விட்டார். விழித்திருந்தால் விட்டிருக்க மாட்டார். ஆரின் டெல்மருக்கு ஃபோன் செய்தான். வராதே, அம்மா சொன்னது ஞாபகம் இருக்கட்டும், நாங்கள் நல்லபடியாகச் செய்கிறோம் என்றான். டெல்மர் கேட்டுக்கொண்டிருந்தான். "எங்கம்மா முகத்த நான் பாக்க வேணாமா மச்சான்?" என்றான். வைத்துவிட்டான்.

அவ்வளவுதான். சொல்லி முடித்தேன்.

கோரல் கதவைப் பார்த்தாள். "இந்த வருஷக் குழி..."

"நவம்பர்லயே ஆரின் மூடிட்டான்."

"அப்போ பயமில்லைல்ல?"

 கதை பாதியில் இருக்கும்போதே லைலின் பேச்சு நின்றிருந்தது. நான்தான் கவனிக்கவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா..." என்றான். "காலையில நாங்க மேல போனப்ப ஒரு குழி இருந்துச்சு."

கோரல் அவன் சட்டையை விட்டுவிட்டாள்.

"நேத்தே எவனோ தோண்டிட்டுப் போயிட்டான்னு நெனச்சோம். கிழவிக்கு ரொம்ப நீளம். எந்தக் குருட்டுப்பய அளந்தான்னு சிரிச்சோம். சின்னப் பொட்டிய அதுல வச்சா நல்லா இருக்காதுன்னு, பக்கத்துலயே வேற தோண்டினோம். நாங்க தோண்டுன இடத்துல கடப்பாரை தெறிக்குது. அந்தக் குழியில மண்ணு... ஈரமா இருந்துச்சுக்கா. உறையவே இல்ல."

"மூடினீங்களா?"

"இருட்டிருச்சு. காலையில மூடிக்கலாம்னு..."

"ஆரின்கிட்ட சொன்னியா?"

"அவர் பொட்டிப் பக்கத்துல உக்காந்திருந்தார். இதப் போயி என்னன்னு சொல்றது?"

நான் எழுந்தேன். ஆரினிடம் சொல்ல வேண்டும். விளக்கை எடுத்துக்கொண்டு எல்லோருமாகப் போய் மூட வேண்டும். சால்வையைத் தேடினேன்.

வெளியே பனியில் டயர் அரைபடும் சத்தம் கேட்டது. கார்க் கதவு திறந்து மூடியது. பிறகு உடனே யாரும் வரவில்லை. அந்த இடைவெளி கொஞ்சம் நீளமாக இருந்தது.

கதவு திறந்தது. டெல்மர்.

முடி முழுக்க வெளுத்திருந்தது. கையில் தடி. பாலத்திலிருந்து விழுந்ததில் முதுகெலும்பு நொறுங்கியது என்று லவினா சொல்லியிருந்தார். இவ்வளவு என்று சொல்லவில்லை. அவன் நிலையைத் தாண்டி உள்ளே வந்தான்.

குனியாமல் வந்தான். நெற்றி இடிக்கவில்லை.

"ஐவா அக்கா," என்றான்.

"வாடா," என்றேன். 

அடுப்பருகில் உட்கார்ந்தான். கையைக் காட்டிக் குளிர் காய்ந்தான். அப்புறம் லைலின் கைகளைப் பார்த்தான். கொப்புளங்களைப் பார்த்தான்.

"மேல எத்தனை தோண்டியிருக்கீங்க?"

லைல் என்னைப் பார்த்தான்.

"ஒண்ணுதான்," என்றேன்.

டெல்மர் மூச்சை விட்டான். இருபது வருடமாக அடக்கி வைத்திருந்த மூச்சுபோல் இருந்தது. சூப் கேட்டான். ஊற்றிக் கொடுத்தேன். கிண்ணத்தை நீட்டும்போதுதான் எனக்கு வாசனை வந்தது. கொட்டகையில் மண்ணெண்ணெய் கிடையாது. விறகும் மின்விளக்கும்தான். கோரல் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"வாசல்ல ஒரு பெரியவர் நிக்கிறார்," என்றான் டெல்மர். கிண்ணத்தைப் பார்த்தே பேசினான்.  "குள்ளமா. தோள்ல மண்வெட்டி. என்னை ஏற இறங்கப் பார்த்தார்."

"பேசினாரா?"

"'ரொம்பக் குறுகிட்டியே, மருமகனே'ன்னார். அவ்வளவுதான். மேட்டுப் பக்கம் நடந்து போயிட்டார்."

 அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

பிறகு கேட்டது. பின்னால், மேட்டிலிருந்து. சரக்... தொப். சரக்... தொப். அவசரமில்லாத சத்தம்.

"தோண்டுறாங்க," என்றாள் கோரல். 

லைல் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டான். பகல் முழுவதும் மண்ணோடு இருந்தவன்.

"தோண்டல," என்றான். "கால்மாட்டுல கொஞ்சம் மூடுறாங்க."